மருந்தின் வலிமை யாருக்குச் சொந்தம்?

பெனிசிலினைக் கண்டறிந்தமைக்காக நோபல் பரிசில் பங்கு பெற்ற அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்டாக்ஹோம் நகரில் ஆற்றிய உரையின் இறுதியில் ஒரு சிறு கதை சொன்னார். ஒருவருக்குத் தொண்டை வலி. அவர் தாமாகவே பெனிசிலின் வாங்கி உட்கொள்கிறார். கிருமிகளைக் கொல்லப் போதுமான அளவு அன்று, மருந்தை எதிர்க்க அவற்றைப் பழக்கப் போதுமான அளவு. அக்கிருமி அவரிடமிருந்து அவர் மனைவிக்குத் தொற்றுகிறது. மனைவிக்கு நிமோனியா காண்கிறது. பெனிசிலின் கொடுக்கிறார்கள், பயனில்லை, அவர் இறந்துபோகிறார். இந்தச் சாவுக்கு முதற்பொறுப்பு யாருடையது என்று கேட்டார் ஃபிளெமிங். மருந்தைக் கவனமின்றிப் பயன்படுத்திய கணவருடையதே என்று அவரே தீர்ப்பும் வழங்கினார்.

அறநெறி இறையியல் வகுப்புகளில் இத்தகைய கதைகளை வைத்துக்கொண்டு நாம் மணிக்கணக்கில் வாதிட்டதுண்டு. செயல் ஒன்று, விளைவு ஒன்று, செய்தவர் ஒருவர், பாதிக்கப்பட்டவர் ஒருவர் என்று கதை அமைந்துவிட்டால் தீர்ப்புக் கூறுவது எளிது. ஃபிளெமிங்கின் கதையும் அத்தகையதே. கணவர், மனைவி, ஒரே வீடு, ஒரே கிருமி. இடையில் அயலார் எவரும் இல்லை. ஒரு விந்தையையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவர் கதையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் தொண்டைக் கிருமி இன்றளவும் பெனிசிலினுக்குப் பணிந்தே நடக்கிறது. அவர் அஞ்சியது வேறு கிருமிகளிடத்தில் மெய்யாயிற்று. அங்கே கதை இவ்வளவு சுருக்கமாக முடியவில்லை. டைஃபாய்டு அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு.

டைஃபாய்டைத் தரும் சால்மோனெல்லா டைஃபி என்னும் கிருமி மனிதரிடம் மட்டுமே வாழ்வது. அதன் உறவினங்களான மற்ற சால்மோனெல்லாக் கிருமிகள் பல கோழியிலும் பன்றியிலும் மாட்டிலும் குடியிருக்கும். இதற்கோ மனிதக் குடலையும் பித்தப்பையையும் அன்றி வேறு வீடில்லை. ஒருவர் டைஃபாய்டில் படுத்தார் என்றால், மற்றொரு மனிதரின் மலத்திலிருந்த கிருமி நீர் வழியாகவோ உணவு வழியாகவோ அவர் வாயை எட்டியிருக்கிறது என்பதே பொருள். இதை இன்னும் நாகரிகமாகச் சொல்ல நமக்கு வழி தெரியவில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவரான வில்லியம் பட், கிருமி கண்ணில் படுவதற்கு முன்னரே இதை வலியுறுத்தி 1873-இல் நூல் எழுதினார். கிருமியை எபர்த் கண்டது 1880-இல். காஃப்கி அதைத் தனியே வளர்த்தெடுத்தது 1884-இல்.

மருந்து வந்ததோ 1948-இல், அதுவும் ஏறக்குறையத் தற்செயலாக. வெனிசுவேலா நாட்டு மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து குளோராம்ஃபெனிகால் என்னும் மருந்து எடுக்கப்பட்டிருந்தது. புதர்க்காய்ச்சல் எனப்படும் வேறொரு நோய்க்கு அதைச் சோதிப்பதற்காக அமெரிக்க மருத்துவர்கள் ஸ்மேடல், வுட்வர்ட் முதலானோர் மலேயாவின் கோலாலம்பூருக்குச் சென்றனர். புதர்க்காய்ச்சல் என்று கருதி மருந்து கொடுக்கப்பட்ட ஒருவருக்கு உண்மையில் இருந்தது டைஃபாய்டு எனப் பின்னர் தெரியவந்தது. அவர் தேறிவிட்டார். அதன்பின் டைஃபாய்டு நோயாளிகளுக்கே அம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். வாரக்கணக்கில் எரியும் காய்ச்சல் சில நாள்களில் இறங்கியது. அதற்கு முன் நோய் கண்ட நூறு பேரில் பத்து முதல் இருபது பேர் வரை மாண்டுகொண்டிருந்தனர். தக்க மருந்து கிடைத்தவர்களிடையே அவ்வெண்ணிக்கை ஒன்றளவுக்குக் குறைந்தது. நம் முதியோர் நாற்பது நாள் காய்ச்சலையும் வெறும் கஞ்சித் தண்ணீரையும் பற்றிச் சொல்லக் கேட்டிருப்போர் இதன் பெருமையை உணர்வர்.

ஆனால் அந்த வலிமை நிலைக்கவில்லை. 1972-இல் மெக்சிகோவிலும், அதே ஆண்டில் நம் அண்டை மாநிலமான கேரளத்திலும் குளோராம்ஃபெனிகாலுக்கு அடங்காத டைஃபாய்டு பரவியது. எண்பதுகளின் இறுதியில் நம் துணைக்கண்டத்துக் கிருமிகள் குளோராம்ஃபெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் ஆகிய மூன்றையும் ஒருசேர எதிர்த்தன. பின்பு சிப்ரோஃப்ளாக்சசின் வந்தது. தொண்ணூறுகளிலேயே அதன் பிடியும் தளரலாயிற்று. அடுத்து ஊசியாகச் செலுத்தப்படும் செஃப்ட்ரையாக்சோன். 2016-ஆம் ஆண்டு நவம்பரில், பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலுள்ள ஹைதராபாத் நகரில் அதற்கும் அடங்காத டைஃபாய்டு தலைகாட்டியது. 2018-ஆம் ஆண்டு முடிவதற்குள் அம்மாகாணத்தில் 5,000-க்கும் மேற்பட்டோர் அந்நோயால் பாதிக்கப்பட்டனர். வாய்வழி மருந்துகளில் அசித்ரோமைசின் ஒன்றே எஞ்சியது. அதுவும் தவறினால் மருத்துவமனையில் தங்கி நரம்பு வழியே ஏற்ற வேண்டிய, விலை மிகுந்த கார்பபெனம் மருந்துகள் மட்டுமே.

சிந்துவில் நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஃபிளெமிங்கின் தீர்ப்பு அங்கேதான் தடுமாறுகிறது. கராச்சி ஆகா கான் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் சாங்கர் ஆய்வு நிலையத்தாரும் அக்கிருமியின் மரபணுக்களைப் படித்து 2018-இல் முடிவை வெளியிட்டனர். அது புதிதாகப் பிறந்த கிருமி அன்று. பல மருந்துகளை முன்பே எதிர்த்துவந்த பழைய டைஃபாய்டு மரபுதான். அத்துடன் பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையம் ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது. செஃப்ட்ரையாக்சோனைச் செயலிழக்கச் செய்யும் திறன் அவ்வளையத்தில் இருந்தது. டைஃபாய்டு கிருமி அதைத் தானே ஆக்கிக்கொள்ளவில்லை. நம் குடலில் சாதாரணமாக வாழும் எஸ்செரிசியா கோலை போன்ற வேறொரு கிருமியிடமிருந்து அதைப் பெற்றதாகவே ஆய்வாளர் கருதுகின்றனர்.

இதன் பொருளை வாசகர் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். யாரோ ஒருவர் சிறுநீர்த் தொற்றுக்கோ அறுவைச் சிகிச்சையின்போதோ செஃப்ட்ரையாக்சோன் ஊசி போட்டுக்கொண்டிருப்பார். அவர் குடலில் அமைதியாக இருந்த கிருமிகளுள் வலுவிழந்தவை மடிந்தன. எதிர்க்க வல்லவை தங்கின. அவருக்கு டைஃபாய்டே வந்ததில்லை. மருத்துவர் எழுதியபடி, குறித்த அளவில், குறித்த நாள்வரை அவர் மருந்து எடுத்திருக்கவும் கூடும். ஆயினும் அவரைப் போன்ற எண்ணற்றோரிடம் தங்கிப் பெருகிய எதிர்ப்பு, சாக்கடை வழியே ஊர் சுற்றி, என்றோ ஓரிடத்தில் டைஃபாய்டு கிருமியின் கைக்குச் சேர்ந்தது. இந்தக் கதையில் அந்தக் கணவர் யார்? அவரை எங்கே தேடிப் பிடிப்பது? மருந்தை அரைகுறையாக விட்டவர் மட்டுமல்லர், முறையாக உட்கொண்டவரும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியே.

சாவான பாவத்திற்கு மூன்று வேண்டும் என்று சிறுவயதிலேயே படித்திருக்கிறோம்: கனமான காரியம், முழு அறிவு, முழு மனச்சம்மதம். இங்கே காரியம் கனமானதுதான். உலகெங்கும் 2019-ஆம் ஆண்டில் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக் கிருமிகள் நேரடிக் காரணமாக 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிட்டுள்ளனர். ஆனால் அறிவும் சம்மதமும் எங்கே? ஊசி போட்டுக்கொண்டவர் தம் நோய் தீர வேண்டும் என்றுதான் விரும்பினார். அயலாரின் சாவை அவர் விரும்பவுமில்லை, அறியவுமில்லை. நற்செயல் ஒன்று நாம் நாடாத தீய விளைவையும் உடன்கொணரும்போது அதை எடைபோட இரட்டை விளைவு நெறி என்றொன்று உண்டு. அந்த நெறியாலும் அவரைக் குற்றவாளி ஆக்க முடியாது. மருந்தின்றி அவரே இறந்திருக்கக்கூடும்.

ஆக, குற்றவாளி எவருமில்லை என்று கூறிவிடலாமா? பலர் அங்கேதான் போய் நிற்கின்றனர். வேறு சிலர் நேர் எதிராகப் போய், நாம் எல்லாருமே குற்றவாளிகள் என்று மார்பில் அறைந்துகொள்கின்றனர். இரண்டுமே வசதியான விடைகள் என்பது நம் எண்ணம். எல்லாரும் குற்றவாளிகள் எனில் எவரிடமும் சென்று கணக்குக் கேட்க இயலாது. மறையுரைகளில் இவ்வாக்கியத்தைக் கேட்டுவிட்டு மக்கள் மனநிறைவோடு வீடு திரும்புவதை நாம் பார்த்ததுண்டு.

கணக்குக் கேட்பது என்று தொடங்கினால், உலகம் வழக்கமாக யாரிடம் கேட்கிறது? நியூயார்க் நகரில் மேரி மேலன் என்னும் சமையற்காரப் பெண் இருந்தார். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். உடலில் டைஃபாய்டு கிருமி இருந்தும் நோய்க்குறி ஏதுமின்றி நடமாடியவர். அவர் சமைத்த வீடுகளில் நோய் கண்டதால் 1907-இல் அவரைப் பிடித்து ஒரு தீவில் அடைத்தனர். 1910-இல், இனிச் சமையல் வேலை செய்யேன் என்ற வாக்குறுதியின்பேரில் விடுவித்தனர். வேறு பெயரில் மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் சமைத்தபோது அங்கே 25 பேருக்கு நோய் கண்டு இருவர் இறந்தனர். 1915-இல் மீண்டும் அடைக்கப்பட்டவர் 1938-இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். இரண்டாம் முறை அவர் செய்ததை நாம் நியாயப்படுத்த மாட்டோம். ஆனால் அவரைப் போன்ற நோய்க்காவிகள் என்று அறியப்பட்ட வேறு பலர் அதே நகரில் வெளியே உலவினர் என்பதையும் மறைக்கக் கூடாது. ஏழை, தனித்தவர், அயல்நாட்டார். சுட்டிக்காட்ட ஏற்ற ஆள்.

அவர் அத்தீவில் இருந்த 1908-ஆம் ஆண்டில், ஹட்சன் ஆற்றின் மறுகரையிலுள்ள ஜெர்சி சிட்டி நகரம் தன் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்கத் தொடங்கியது. மற்ற அமெரிக்க நகரங்களும் நீரை வடிகட்டின, குளோரின் இட்டன. குளோராம்ஃபெனிகால் பிறப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே அந்நகரங்களில் டைஃபாய்டு பெரிதும் அடங்கிவிட்டது. மேரியை அடைத்ததால் நின்ற நோய் சிறிது. நீரைத் தூய்மை செய்ததால் நின்ற நோயே பெரிது. ஆனால் உலகம் இன்றும் நினைவில் வைத்திருப்பது அச்சமையற்காரியின் பெயரைத்தான்.

செல்வ நாடுகள் தம் டைஃபாய்டை நீர்க்குழாயாலும் கழிவுநீர்க் கால்வாயாலும் விரட்டின. நம் துணைக்கண்டத்திலோ குழாய் செய்ய வேண்டிய வேலையை மாத்திரை செய்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்துகொண்டே இருந்தது. ஆண்டுதோறும் காய்ச்சல் வந்தது. ஆண்டுதோறும் மருந்து காப்பாற்றியது. அவ்வாறு காப்பாற்றும் ஒவ்வொரு முறையும் மருந்தின் வலிமையில் சிறு பங்கு செலவாகிக்கொண்டிருந்தது. சிந்துவின் ஹைதராபாத்திலும் குடிநீரில் சாக்கடை நீர் கலந்ததையே ஆய்வாளர்கள் சுட்டினர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று 2017 முதல் 2020 வரை நம் நாட்டில் நடத்திய ஆய்வும் இதையே வேறு விதமாகக் காட்டுகிறது. வேலூர், தில்லி, கொல்கத்தா ஆகிய நகர்ப்பகுதிகளில் ஒரு லட்சம் குழந்தைகளை ஓராண்டு கவனித்தால் 576 முதல் 1,173 பேர் வரை டைஃபாய்டுக்கு ஆளாவர் என்று கணக்கிட்டனர். புனே அருகேயுள்ள கிராமப்புறத்தில் அவ்வெண்ணிக்கை 35. மக்கள் நெருங்கி வாழ்ந்து ஒரே நீரையும் ஒரே சாக்கடையையும் பகிரும் இடங்களில்தான் நோய் குவிகிறது.

இந்நிலையில், மருத்துவர் சீட்டின்றி மருந்துக்கடையில் இரண்டு வேளைக்கு மாத்திரை வாங்கும் தாயை எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மருத்துவரிடம் சென்றால் கட்டணம், இரத்தச் சோதனை, ஒரு நாள் கூலி இழப்பு. நம்பத்தக்கதான இரத்த வளர்ப்புச் சோதனைக்குச் சில நாள்கள் ஆகும். அதுகூட உண்மையில் நோயுள்ளவருள் பத்துக்கு நான்கு பேரைத் தவறவிடும். தெருமுனை ஆய்வகங்கள் செய்யும் விடால் சோதனையோ 1896-ஆம் ஆண்டுச் சரக்கு. இல்லாத நோயை இருப்பதாக அடிக்கடி சொல்வது. அத்தாயைப் பார்த்து, உன்னால்தான் மருந்து கெடுகிறது என்று சொல்லும் விளம்பரப் பலகைகள் உண்டு. மிகு வறுமையில் உயிர் காக்கப் பிறர் பொருளை எடுப்பது திருட்டு ஆகாது என்று புனித அக்குவினா தோமையார் எழுதிவைத்தார். அத்தகைய தேவையில் பொருள்கள் பொதுவாகிவிடுகின்றன என்பது அவர் வாதம். ரொட்டிக்குப் பொருந்தும் இந்நெறி மருந்துக்கும் பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம். பொதுச் செல்வத்திலிருந்து அவள் எடுக்கிறாள். அவளுக்கு அங்கே உரிமை உண்டு. அவள் எடுப்பது தவறான மருந்தாகவும் போதாத அளவாகவும் இருப்பதுதான் துயரம். அதைத் திருத்த அவளுக்குத் தேவைப்படுவது கண்டிப்பன்று. எட்டும் தூரத்தில் ஒரு மருத்துவர்.

அதே செல்வத்திலிருந்து தேவையின்றி எடுப்போர் வேறு. நீர் கோத்த மூக்கிற்கு ஆன்டிபயாடிக் எழுதித் தராத மருத்துவரை விட்டு அடுத்தவரிடம் போகும் வசதியுள்ளோர். நோயாளி கைவிட்டுப் போவாரே என்று எழுதித் தரும் மருத்துவர். கோழி விரைந்து கொழுக்கவேண்டித் தீவனத்தில் மருந்து கலந்தோர். கடைசி நிலை மருந்தான கோலிஸ்டினைக் கோழிக்கும் கால்நடைக்கும் தருவதை இந்திய அரசு 2019-இல்தான் தடை செய்தது. கொரோனா நாள்களில், 2020-லும் 2021-லும், அசித்ரோமைசின் நம் இல்லங்களில் மிட்டாய்போல் புழங்கியதை மறந்திருக்க மாட்டோம். அந்நோயில் அதனால் பயனில்லை என்பது இங்கிலாந்தின் பெரிய ஆய்வொன்றில் தெளிவானது. டைஃபாய்டுக்கு எஞ்சிய ஒரே வாய்வழி மருந்து அதுதான். அதையும் எதிர்க்கும் டைஃபாய்டு கிருமி வங்காளதேசத்தில் தென்பட்டிருந்த செய்தி 2019-லேயே வெளியாகியிருந்தது. அச்சத்தில் விழுங்கியவர்களை நாம் பழிக்கவில்லை. அச்சமற்றிருந்து, அறிந்திருந்து, விற்றவர்களைப் பற்றி அவ்வளவு எளிதாகச் சொல்ல இயலவில்லை.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1987-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் பாவத்தின் அமைப்புகள் என்னும் சொல்லாட்சியைக் கையாண்டார். அவ்வமைப்புகள் தனிமனிதர் செயல்களில் வேரூன்றியவை என்பதையும் அவர் விடாமல் சேர்த்துச் சொன்னார். அந்த இரண்டாம் பகுதியைப் பலர் படிப்பதில்லை. குடிநீர்த் திட்டத்திற்கு ஒதுக்கிய பணத்தை வேறு செலவுக்குத் திருப்பியவருக்குப் பெயர் உண்டு, கையொப்பம் உண்டு. கசியும் குழாயை அறிந்தும் விட்டுவைத்த பொறியாளருக்கும் உண்டு. முழு அறிவும் முழுச் சம்மதமும் தேடினால் அவை மருந்துக்கடை வாசலில் அகப்படுவதைவிட இத்தகைய அலுவலக மேசைகளில் எளிதாக அகப்படும்.

இதே நோயின் வரலாற்றில் வேறு விதமான மனிதரும் உள்ளனர். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட தன்னார்வலர், நலமாக இருந்தவர்கள், புதிய தடுப்பூசி ஒன்று பயன்படுமா என்றறிய டைஃபாய்டு கிருமி கலந்த நீரை அறிந்தே பருகினர். அவ்வாய்வின் முடிவு 2017-இல் வெளிவந்தது. அவர்கள் நாட்டில் அந்நோய் இன்று அரிது. பயனோ ஆசியக் குழந்தைகளுக்கு. பின்பு நேபாளத்தின் லலித்பூரில் ஏறத்தாழ 20,000 சிறாரிடம் நடத்திய சோதனையில் அத்தடுப்பூசி பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு நோயைத் தடுத்தது. அதைச் செய்தது நம் நாட்டு ஹைதராபாத்தில் உள்ள நிறுவனம். மருந்துக்கு அடங்காத டைஃபாய்டு ஒரு ஹைதராபாத்தில் தோன்றியது. தடுப்பூசி மற்றொரு ஹைதராபாத்திலிருந்து வந்தது. இரண்டுக்கும் இடையே எல்லைக்கோடு. 2019-இல் பாகிஸ்தான் அத்தடுப்பூசியைச் சிந்து மாகாணத்துக் குழந்தைகளுக்கு அளிக்கத் தொடங்கியது. நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் அதைச் சேர்த்த முதல் நாடும் அதுவே. ஊசி போட்டுக்கொண்ட குழந்தை நோயுறுவதில்லை. நோயுறாத குழந்தைக்கு மருந்து வேண்டியதில்லை. மருந்தின் வலிமை அந்த அளவுக்கு மிஞ்சுகிறது. ஆனால் குழாய் இன்னும் கசிந்துகொண்டுதான் இருக்கிறது. மாத்திரைக்குத் தந்த வேலையை இனித் தடுப்பூசிக்குத் தந்துவிட்டு நகராட்சிகள் உறங்கிவிடும் என்னும் அச்சம் நமக்கு உண்டு.

இவ்வளவுக்கும் நடுவே எதிர்பாராத ஒரு செய்தி. கைவிடப்பட்ட குளோராம்ஃபெனிகாலுக்கு இன்று நம் நாட்டு டைஃபாய்டு கிருமிகளுள் பெரும்பாலானவை மீண்டும் பணிகின்றன. பல்லாண்டுகள் அதை எவரும் அவ்வளவாகப் பயன்படுத்தாததால் எதிர்ப்பைச் சுமந்துதிரிவதில் கிருமிக்கு ஆதாயமில்லாமற் போயிற்று. நாம் யாரும் தியாகம் செய்து அளித்த ஓய்வு அன்று. உதவாது என்று எறிந்ததால் கிடைத்த ஓய்வு. அதை மறுபடி எடுக்கலாமா என்று மருத்துவர் சிலர் கேட்கத் தொடங்கியுள்ளனர். விலை மலிவு, வாய்வழி கொடுக்கலாம். அரிதாக எலும்பு மச்சையை அழித்துவிடும் ஆபத்தும் அதற்கு உண்டு. பரவலாகக் கொடுக்கத் தொடங்கினால் பழைய எதிர்ப்புத் திரும்பி வருவதற்கு நெடுநாள் ஆகாது. எனவே எந்த நோயாளிக்குத் தருவது, எவருக்கு மறுப்பது என்பதைத் தீர்மானித்தாக வேண்டும். அத்தீர்மானம் எடுக்கப்படும் அறையில், மூன்று நாளாகக் காய்ச்சலோடு கிடக்கும் பிள்ளையின் தாய்க்கு ஓர் இருக்கை போட்டிருக்கிறார்களா என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டும்.